வயிற்றைக் குறைத்தால் பசி ஏன் குறைகிறது?

உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் சில வாரம் கழித்துப் பேசிப் பாருங்கள். பெரும்பாலோர் சொல்வது “சாப்பிட முடியவில்லை” என்பதல்ல, “சாப்பிடத் தோன்றவே இல்லை” என்பதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. வயிறு சின்னதாகிவிட்டதால் சோறு இறங்கவில்லை என்றால் அது வெறும் தடை. பசியே எழவில்லை என்றால் வயிற்றைத் தாண்டி மூளையிலும் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

நம்மூரில் இந்தச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு, தடை என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. “அதுக்கு வாயைக் கட்டினா போதாதா, வயித்தை எதுக்கு வெட்டணும்?” என்று உறவினர்கள் கேட்பது அதனால்தான். கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கத்தியைக் கையில் வைத்திருந்த மருத்துவர்களே நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள்.

வாயைக் கட்டுவதில் என்ன சிக்கல் என்பதை முதலில் பார்ப்போம். உடலில் எவ்வளவு கொழுப்பு கையிருப்பு இருக்கிறது என்பதை மூளை ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்தே சுரந்து அந்தக் கணக்கை மூளைக்குச் சொல்கிறது. 1999-ல் ஜப்பானியர்களான கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின், பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து பசியைக் கிளப்புகிறது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் லெப்டின் விழும், கிரெலின் ஏறும். மூளைக்கு அது பஞ்சகாலம். அழகுக்காகக் குறைக்கிறோமா, ஆரோக்கியத்துக்காகக் குறைக்கிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்தப் பஞ்ச எச்சரிக்கை சில நாளில் அடங்கிவிடும் என்றால் பரவாயில்லை. 2011-ல் வெளியான மெல்போர்ன் ஆய்வொன்றில் பருமனானவர்களைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்று பிரபலமாக இருந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கெவின் ஹால் குழு பரிசோதித்தது. அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எவ்வளவு செலவாக வேண்டுமோ, அதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே உடல் செலவழித்துக்கொண்டிருந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி அதற்குள் திரும்பியும் விட்டிருந்தது. மன உறுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. உடலே எதிர்த் தரப்பில் நின்று வாதாடும்போது மன உறுதி எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும்?

அறுவை சிகிச்சை இந்த வழக்கில் நுழைந்தது தற்செயலாக. 1950-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் செய்து பார்த்த முதல் முயற்சிகள் முரட்டுத்தனமானவை. ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிறுகுடலில் அரை மீட்டர் அளவை மட்டும் உணவுப் பாதையில் விட்டு மற்றதை ஒதுக்கிவைத்தார்கள். உணவு செரிக்காமலேயே வெளியேறியது. எடை குறைந்தது, கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் அது தேடித் தந்த கெட்ட பெயர் மட்டும் நீடித்தது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் மெலிந்தே இருந்தார்கள். எடை கூட்டச் சொன்னாலும் கூடவில்லை. நோயாளிகளுக்குத் தொல்லையாக இருந்த அந்தப் பின்விளைவையே 1966-ல் அவர் சிகிச்சையாக்கினார். இரைப்பை பைபாஸ் அப்படிப் பிறந்தது. இன்று அதன் வழக்கமான வடிவம் இது: இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் ஒரு சிறு பையைத் தனியாகப் பிரிப்பார்கள். சிறுகுடலைச் சற்றுக் கீழே வெட்டி அதன் கீழ்முனையை மேலே இழுத்து இந்தப் பையோடு இணைப்பார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்த வழியாகப் போகாது. அங்கே சுரக்கும் செரிமான நீர்கள் மட்டும் கீழே ஓரிடத்தில் வந்து சேரும்.

ஸ்லீவ் என்ற இன்னொரு முறைதான் இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது. அதன் கதையும் தற்செயல்தான். நியூயார்க்கில் மிஷேல் கான்யே போன்றவர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிக அதிக எடையுள்ளவர்களுக்குக் குடலையும் சேர்த்து மாற்றியமைக்கும் நீண்ட அறுவையை ஒரே மூச்சில் செய்ய அஞ்சினார்கள். இரண்டு கட்டமாகப் பிரித்து முதலில் இரைப்பையை மட்டும் நெடுக வெட்டி அனுப்பினார்கள். கொஞ்சம் எடை குறைந்ததும் மீதியைச் செய்யலாம் என்பது திட்டம். ஆனால் பலருக்கு இரண்டாம் கட்டமே தேவைப்படவில்லை. முதல் பாதியே முழுச் சிகிச்சையாகிவிட்டது. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமாக நீக்கிய பின் எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய ஒரு குழாய்.

இதுவரை பார்த்தால் எல்லாம் அளவு விவகாரமாகவே தெரியும். சந்தேகம் கிளம்பியது இரைப்பைப் பட்டையால். சிலிக்கான் பட்டை ஒன்றை இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி மாட்டி இறுக்குவது அந்த முறை. வெட்டுவதும் இல்லை, குடலைத் தொடுவதும் இல்லை, மேலே சின்னப் பை தயார். பையின் அளவுதான் எல்லாம் என்றால் பட்டையும் பைபாஸ் அளவுக்கு வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எடை அவ்வளவாகக் குறையவில்லை, பசி விடவில்லை. ஏராளமான பட்டைகளைப் பிற்பாடு மீண்டும் அறுவை செய்து கழற்ற வேண்டியதாயிற்று.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காரல் ல ரூ குழு 2007-ல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. பைபாஸ் செய்தவர்களுக்கு உணவு மிக விரைவாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை எட்டிவிடும். அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்களைத் தாராளமாகச் சுரந்து “போதும்” என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். இந்தச் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைட் என்ற மருந்தை ஊசியாகப் போட்டபோது பைபாஸ் செய்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பை அதே சின்னப் பைதான். பட்டை மாட்டியவர்களிடம் அதே ஊசி எந்த மாற்றமும் செய்யவில்லை.

எலிகள் இன்னும் தெளிவாகப் பேசின. 2010-ல் ராண்டி சீலி குழுவினர் பருத்த எலிகளுக்கு ஸ்லீவ் அறுவை செய்தார்கள். அவை மெலிந்து ஓர் எடையில் நிலைபெற்றன. பிறகு வேண்டுமென்றே தீனியைக் குறைத்து இன்னும் மெலியவைத்து, மறுபடி தாராளமாகத் தீனி போட்டார்கள். எலிகள் அதே சின்ன இரைப்பையோடு மற்ற நாட்களைவிட அதிகமாகத் தின்று, அறுவைக்குப் பிந்தைய எடைக்குச் சரியாகத் திரும்பின. அதைத் தாண்டவில்லை. தின்ன முடியாமல் அவை மெலிந்திருக்கவில்லை என்பது அதோடு தெளிவானது. உடல் காக்க விரும்பும் எடையே கீழே இறங்கியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொரு படி போனது. பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பை சுருங்கியும் அவற்றின் எடைக் குறைப்பு நிலைக்கவில்லை. பித்தநீருக்கும் பசிக்கும் என்ன உறவு என்று அதற்கு முன்பு யாரும் அதிகம் யோசித்ததில்லை.

நீரிழிவில் நடந்தது பற்றி ஒரு சிறு எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். வட கரோலினாவின் வால்டர் போரிஸ் 1995-ல் தம் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். பைபாஸுக்கு முன் இரண்டாம் வகை நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே இன்சுலின் ஊசியை நிறுத்த முடிந்தது. தலைப்பிலேயே வியப்பைக் கொட்டியிருந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு, குடல் ஹார்மோன்கள் நீரிழிவை நேரடியாகத் துரத்துகின்றன என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் அறுவை முடிந்த முதல் வாரங்களில் நோயாளி ஏறக்குறையப் பட்டினி. பட்டினியே கல்லீரல் கொழுப்பைக் கரைத்துச் சர்க்கரையை இறக்கும். 2020-ல் சாமுவேல் கிளைன் குழு, உணவுக் கட்டுப்பாட்டால் 18 சதவீத எடை இழந்தவர்களையும் பைபாஸால் அதே அளவு இழந்தவர்களையும் ஒப்பிட்டது. சர்க்கரையில் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பலன் எடை இழப்பிலிருந்து வருகிறது. அந்த இழப்பை உடலின் எதிர்ப்பு இல்லாமல் நிகழவைப்பதில்தான் கத்தியின் பங்கு இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இனி அறுவை அரங்குக்குள் போவோம். அதற்கு முன்பே, சுமார் இரண்டு வாரம், கலோரி குறைந்த உணவில் நோயாளியை வைப்பார்கள். கொஞ்சம் எடை குறையட்டும் என்பதற்காக மட்டுமல்ல. பருமனானவர்களுக்குக் கல்லீரல் கொழுத்திருக்கும். அதன் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும். இரண்டு வாரத்தில் அது சுருங்கிக் கொடுத்தால்தான் மருத்துவருக்கு வழி கிடைக்கும். வீட்டில் விசேஷம் என்று நடுவில் ஒருநாள் பிரியாணியில் கைவைத்தவரின் கல்லீரல் அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள். கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியே பார்த்துச் செய்வார்கள். ஸ்லீவில் வாய் வழியாகச் சுமார் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை இறக்கி, அதை அளவாக வைத்து, டைட்டானியம் பின்களை அடித்தபடியே வெட்டும் ஸ்டேப்ளரால் இரைப்பையை நெடுகப் பிரிப்பார்கள். வெட்டிய துண்டு ஒரு துளை வழியாகவே வெளியே வரும். ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை. கண்விழிக்கும் நோயாளிகள் பலர் வயிறு வலிக்கிறது என்று சொல்வதைவிடத் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குரிய நரம்பும் தோள்பட்டை உணர்வும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து வருவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. எழுந்து நடந்தால் சரியாகும்.

அன்றே நடக்கவைப்பார்கள். கால் சிரையில் ரத்தம் உறைந்து கட்டி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதே காரணம். ஹெப்பாரின் ஊசி, இறுக்கமான காலுறை, மூச்சை இழுத்துப் பந்துகளை உயர்த்தும் பயிற்சிக் கருவி எல்லாம் வரும். மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் இன்னொன்று, பின் அடித்த வரிசையில் கசிவு. ஸ்லீவில் இது பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய மேல்முனையில் நேரும். இதன் முதல் அறிகுறி வலியாக இல்லாமல் நாடித்துடிப்பு 120-ஐத் தொடுவதாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு படுத்திருக்கும்போதே இதயம் படபடவென்று அடித்தால் “பலவீனம்தான்” என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 4,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். குறைந்த எண்தான், ஆனால் பூஜ்ஜியம் அல்ல. விளம்பரங்களில் இந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள்தான். கடினமான பகுதி வீட்டில் தொடங்குகிறது. முதல் வாரம் தெளிந்த திரவம் மட்டும்: பருப்பு வேகவைத்த நீர், வடிகட்டிய சூப், காரமில்லாத ரசத் தெளிவு, இளநீர். மருந்து ஊற்றும் சிறு குப்பியால் கொஞ்சம் கொஞ்சமாக. அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனை. ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்றால் விழித்திருக்கும் நேரமெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனைக்கு வருபவர்கள் பலர் வருவது உடலில் நீர் வற்றிப்போய்த்தான். அடுத்து பால், மோர், புரதப் பொடி. மூன்றாவது வாரம் மசித்தவை, பிறகு குழைந்தவை, ஆறு முதல் எட்டு வாரத்தில் திட உணவு. பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் மால்ட் பான பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும். அதை அலமாரியில் வைத்துவிடலாம்.

தமிழ்நாட்டுச் சமையலறைக்கு உண்மையான சோதனை புரதத்தில்தான். நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எப்படிப் பார்த்தாலும் இழக்கும் எடையில் கால் பங்கு வரை தசையாக இருக்கக்கூடும். இட்லி மெத்தென்று இருப்பதால் முதலில் அதைத்தான் கொடுப்போம். ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவுதான் புரதம். முட்டையில் ஆறு. நம் சாம்பாரில் பருப்பைவிடப் புளித்தண்ணீர் அதிகம். சைவர்களுக்கு பனீர், மீல் மேக்கர், கெட்டிப் பருப்பு, சுண்டல் என்று திட்டம் போட்டுத்தான் ஒப்பேற்ற முடியும். அசைவர்களுக்கு மீன் நல்ல துணை, 100 கிராமில் 20 கிராம் வரை கிடைக்கும், குழைந்தும் இறங்கும். உலர்ந்த கோழித்துண்டு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டு கண்ணில் நீர் வரவைக்கும். சோறும் சப்பாத்தியும்கூடப் பலருக்கு மாதக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். இலையில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு: நம் பந்தி முறையைத் தலைகீழாக்கியது போன்ற வரிசை. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் கழித்துத்தான்.

மூன்றாவது நான்காவது மாதத்தில் சீப்பில் முடி கொத்தாக வரும். பலர் பயந்துபோவது இங்கேதான். அறுவையும் திடீர் எடை இழப்பும் தந்த அதிர்ச்சியில் நிறைய முடி வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், பின் ஒன்றாக உதிர்கின்றன. வேர் சாகவில்லை. புரதமும் இரும்பும் துத்தநாகமும் சரியாக இருந்தால் முடி திரும்பும். அதைவிடக் கவலைப்பட வேண்டியவை வெளியே தெரியாதவை. இரும்பும் கால்சியமும் பெருமளவு உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் உணவு அதைத் தொடுவதே இல்லை. பி12-ஐ உணவிலிருந்து பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும், அதைக் குடலில் ஏற்க இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரண்டும் குறைந்துவிடுகின்றன. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பி12 பற்றாக்குறை இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் கால் மரப்பாகவும் மறதியாகவும் தலைகாட்டும். அதற்குள் நோயாளி மாத்திரையை மறந்திருப்பார். சைவ உணவுக்காரர்களில் பலருக்கு அறுவைக்கு முன்பே பி12 குறைவு என்பதால் அவர்களுக்குக் காலம் இன்னும் குறைவு.

பி1 என்ற தயமின் மட்டும் இப்படிக் காத்திருக்காது. உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற ஆசிய மக்களைப் பெரிபெரி நோயில் தள்ளியது இதன் குறைவுதான். அறுவை முடிந்து விடாமல் வாந்தி எடுப்பவருக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளை பாதிக்கப்படலாம். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் எஞ்சியிருக்கும் தயமினும் தீர்ந்து நிலைமை மோசமாகும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. ஊர்ப்பக்க கிளினிக்கில் அவசரத்துக்குப் போகும்போது “எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது” என்று நோயாளியோ வீட்டாரோ முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியதன் காரணம் இது. பைபாஸ் செய்தவர் மூட்டு வலிக்கு இஷ்டத்துக்கு வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வரும். வேகமாக மெலியும்போது பித்தப்பையில் கல் சேர்வதும் சகஜம். அதற்காக ஆறு மாதம் வரை மாத்திரை தருவதுண்டு. குழந்தை வேண்டுமென்று நினைக்கும் பெண்களை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடச் சொல்வார்கள்.

இனிப்பு விஷயத்தில் பைபாஸ் ஒரு கண்டிப்பான ஆசிரியை. கல்யாண வீட்டில் ஒரு கப் பாயசத்தை வேகமாகக் குடித்தால் சர்க்கரைக் கரைசல் நேரே சிறுகுடலில் போய் விழும். குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் வயிற்றுப் பிசைவு, படபடப்பு, வியர்வை, உடனே படுத்தாக வேண்டும் என்ற தவிப்பு. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்ததால், சர்க்கரை திடீரென விழும். மதுவும் அப்படித்தான் அவசரமாக ரத்தத்தில் ஏறும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் மதுப் பழக்கக் கோளாறு அறுவைக்கு முன் 7.6 சதவீதத்தினருக்கும், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதத்தினருக்கும் இருந்தது. முதலாண்டில் ஏறவில்லை, நோயாளி மருத்துவரைப் பார்க்கக் குறைவாக வரத் தொடங்கும் காலத்தில்தான் ஏறியது.

மனதைப் பற்றி நம் மருத்துவமனைகள் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 2007-ல் வெளியான முடிவு இது: மொத்த மரணங்கள் 40 சதவீதம் குறைவு, நீரிழிவால் நேரும் மரணம் 92 சதவீதம் குறைவு. ஆனால் நோயல்லாத மரணங்கள், அதாவது விபத்து, தற்கொலை போன்றவை, 58 சதவீதம் அதிகம். காரணம் ஒன்றல்ல. துக்கத்துக்கும் தனிமைக்கும் சாப்பாட்டில் மருந்து தேடியவரிடமிருந்து அந்த மருந்து ஒரே நாளில் பறிக்கப்படுகிறது. எடை போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்த திருமணமோ வேலையோ சரியாகாமல் போகலாம். தொங்கும் தோல் கண்ணாடியில் புதிய வெட்கத்தைத் தரும். அதை நீக்கும் அறுவை எடை நிலைபெற்ற பிறகு, ஒன்றரை ஆண்டு வாக்கில்தான் சாத்தியம், செலவும் தனி.

நீண்ட காலத்தில் என்ன மிஞ்சும்? 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு இதற்கு நம்பகமான சாட்சி. பத்தாண்டு முடிவில் பைபாஸ் செய்தவர்கள் தொடக்க எடையில் 25 சதவீதம் குறைந்த நிலையில் இருந்தார்கள். பட்டை மாட்டியவர்கள் 14 சதவீதம். அறுவை செய்யாதவர்களின் எடை ஏறக்குறைய மாறவே இல்லை. ஒன்றிரண்டு ஆண்டில் எடை அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் திரும்புவது எல்லா முறைகளிலும் இயல்பு. அதைத் தோல்வியென்று நினைத்து மருத்துவரிடம் போகவே கூசுபவர்கள் பலர். ஸ்லீவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஃபின்லாந்தில் பத்தாண்டு கழித்து எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் இருந்தது. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே உள்ளவருக்கு “எளிமையானது” என்று சொல்லி ஸ்லீவைப் பரிந்துரைத்தால், ஏன் பைபாஸ் வேண்டாம் என்று எதிர்க்கேள்வி கேட்பதில் தவறில்லை.

ஊசிகள் வந்துவிட்டனவே, இனி கத்தி எதற்கு என்ற கேள்வி இப்போது எல்லா இடத்திலும் எழுகிறது. குடல் சுரக்கும் அதே ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல நடிக்கும் செமாகுளுடைடும், கூட இன்னொரு ஹார்மோனையும் சேர்த்த டிர்செபடைடும் எடைக் குறைப்புக்காக 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. முக்கியச் சோதனைகளில் முதலாவது சுமார் 15 சதவீதமும் இரண்டாவது அதிகபட்ச அளவில் 21 சதவீதம் வரையும் எடையைக் குறைத்தன. செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. கேட்ட கதைதான்: பஞ்ச எச்சரிக்கை. அறுவைக்குப் பின் எடை திரும்புபவர்களுக்கு இந்த ஊசிகளைத் துணையாகத் தருவதும் தொடங்கிவிட்டது. ஊசியும் கத்தியும் எதிரெதிர் அணி அல்ல.

யாருக்கு அறுவை என்பதில்தான் இந்தியாவில் ஒரு முரண் நிற்கிறது. 1991-ல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த எல்லை, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 40, அல்லது நோய்களோடு 35. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுகின்றன. 2022-ல் சர்வதேச அமைப்புகள் வகுத்த புதிய நெறிமுறை ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே இந்த வாய்ப்பைத் தரலாம் என்கிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27.5 என்பது சுமார் 70 கிலோ, 35 என்பது 90 கிலோ, 40 என்பது 102 கிலோ. 70 கிலோவிலேயே கத்தி எடுக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வராதவருக்கு மட்டும் அதை யோசிக்கலாம். ஆனால் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இன்னும் பழைய 40, 35-லேயே நிற்கிறது. அதிலும் 35 என்றால், கட்டுப்படாத நீரிழிவு, கடுமையான உறக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்று முற்றிய துணைநோய் வேண்டும். அந்த ஸ்வீடன் ஆய்வின் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில், அறுவை செய்தவர்கள் செய்யாத பருமனானவர்களைவிட மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள், ஆனாலும் பொது மக்களைவிட ஐந்தரை ஆண்டு குறைவாகவே வாழ்ந்தார்கள் என்று கண்டார்கள். உடல் கெட்ட பிறகு வந்து சேர்ந்ததற்கும் இதில் பங்கு இருக்கலாம். கெடும்வரை காத்திருந்தால்தான் பணம் தருவோம் என்கிறது விதி. தந்தாலும், அறுவை அரங்கின் செலவையும் அடுத்த சில மாதச் செலவையும் தந்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறது. ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை எல்லாம் நோயாளியின் கைக்காசு.